ஏழு வரிக் கேள்வி

ஜனவரி 6, திங்கள்

காலையிலேயே கல்லூரி முதல்வர் அறையில் நானும் தாணுமாலயன் சாரும் குற்றவாளிகளைப் போல நின்றோம். குற்றம் அவருடையது. நான் துணைக்கு.

விஷயம், எங்கள் கல்லூரி ஆண்டுதோறும் நடத்தும் வினாடி வினா. எட்டுக் கல்லூரிகள் வரும். ஒரே மேடை. காலையில் நான்கு ஆட்டம், மதியம் அரையிறுதி இரண்டு, பிறகு இறுதி. கேள்விகளை எழுதுகிறவர் வரலாற்றுத் துறை தாணுமாலயன். அவற்றை மேடையில் வாசிக்கிறவள் புள்ளியியல் துறை சண்முகவடிவு, அதாவது நான். போன வருடம் நாலு மணிக்கு முடிய வேண்டியது விளக்கு வைத்த பிறகுதான் முடிந்தது. இறுதிக்கு வந்திருந்த தென்காசிப் பக்கத்துப் பெண்கள், விடுதிக் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்று பாதி ஆட்டத்தில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடினார்கள். எதிர் அணிக்கு ஆடாமலே கோப்பை கிடைத்தது. அந்த விடுதிக் காப்பாளர் போனில் பேசிய பேச்சை முதல்வர் இன்னும் மறக்கவில்லை.

இந்த வருடம் பிப்ரவரி ஒன்றாம் தேதி போட்டி. அன்று நாலு மணிக்கு அரங்கத்தை ஒரு கல்யாண வரவேற்புக்குக் கொடுத்தாக வேண்டும், நிர்வாகக் குழுத் தலைவர் வீட்டுக் கல்யாணம். அதற்குள் முடியவில்லை என்றால் அடுத்த வருடம் முதல் வினாடி வினாவே கிடையாது என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

தாணுமாலயன் சாரின் முகம் சுண்டிப்போயிற்று. பதினோரு வருடமாக மனிதர் இதற்காகத்தான் படிக்கிறார், இதற்காகத்தான் எழுதுகிறார். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஜனவரி 7, செவ்வாய்

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். அவருடைய கேள்வி ஒவ்வொன்றும் ஏழு வரி. முதல் வரியில் யாருக்கும் தெரியாத ஒரு செய்தி இருக்கும். வரி இறங்க இறங்க எளிதாகிக்கொண்டே வரும். கடைசி வரிக்கு வந்தால் பின் பெஞ்சில் தூங்குகிறவனுக்கும் விடை தெரிந்துவிடும். அணிகள் எந்த வரியிலும் மணியை அழுத்தலாம், அழுத்தியதும் நான் வாசிப்பதை நிறுத்த வேண்டும். முதல் வரியில் சொல்கிறவர்களுக்குக் கூடுதல் புள்ளி. ஏட்டில் அழகான ஏற்பாடு. மேடையில் எனக்குத் தொண்டை வறண்டுபோகும்.

கேள்விகளைச் சுருக்கலாமா என்று இன்று அவரிடம் கேட்டேன். ஏன் சுருக்கக் கூடாது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. இதைத்தான் சொல்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. தாணு சார் வாழ்த்து அனுப்பியிருந்தார். ஒன்பது வரி. சூரிய வழிபாட்டில் தொடங்கி என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

ஜனவரி 16, வியாழன்

இரண்டு நாளாக அவருடைய நூற்று நாற்பது கேள்விகளையும் உட்கார்ந்து வெட்டினேன். கடைசி வரியை மட்டும் வைத்துக்கொள்வது, மற்றதைத் தூக்கிப்போடுவது. அவ்வளவுதான் வேலை. வெட்ட வெட்ட ஒரு உற்சாகம் வந்துவிட்டது.

வெட்டியதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே. அம்மா முற்றத்தில் சிறுகிழங்குக்குத் தோல் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு கரண்டியும் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தம்ளரும் கொடுத்தேன், விடை தெரிந்தால் தட்ட வேண்டும் என்று. அம்மா தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவள். எதிராளி "ஹலோ" சொல்லும்போதே யாருக்குப் பேச வேண்டும் என்று கண்டுபிடிக்கிற ரகம். நான் வாயைத் திறக்குமுன் டங், டங் என்று தட்டித் தள்ளினாள். ஓர் ஆட்டத்துக்கு இருபது கேள்வி. எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்தக் கணக்குக்குப் பகல் சாப்பாட்டுக்கு முன்பே கோப்பையைக் கொடுத்துவிடலாம்.

தாணு சார் இத்தனை நாள் எங்கள் நேரத்தை எப்படி வீணடித்திருக்கிறார் என்று அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். அம்மா கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏட்டி, உங்க காலேஜ்ல அந்த ஒரு வாத்தியாருதான் இருக்காரா? வேற யாரையும் நீ ஏச மாட்டங்கியே."

நேர நிர்வாகம் பற்றிப் பேசினால் அம்மாவுக்குப் புரியாது.

ஜனவரி 20, திங்கள்

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தது. சுருக்கிய கேள்விகளைத் தாணு சாரிடம் கொடுத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன், மூன்று வாதம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் சண்டை போடவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். போட்டி பிழைத்தால் போதும் என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஒரே ஒரு கேள்வியில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் அதை "விளக்கேந்திய மங்கை என்று அழைக்கப்பட்டவர் யார்?" என்று சுருக்கியிருந்தேன். அவர் எழுதியிருந்ததில் முதல் வரி, லண்டன் புள்ளியியல் சங்கம் முதன்முதலாக உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட பெண் என்பது. இரண்டாவது, போர்க்களத்தில் வீரர்கள் எதனால் செத்தார்கள் என்பதை அந்த அம்மாள் வண்ண வட்டப் படமாக வரைந்து அரசாங்கத்திடம் வாதாடியது.

"இந்த முதல் வரிய மட்டுமாவது விட்டிருக்கலாம் மேடம்" என்றார்.

ஒன்றுக்கு விட்டால் எல்லாவற்றுக்கும் விட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதான். ஆனால் வரலாற்று வாத்தியார் ஒருவர் அந்த அம்மாளைப் பற்றி எழுதும்போது, விளக்கையும் மருத்துவமனையையும் விட்டுவிட்டுப் புள்ளியியலில் போய்த் தொடங்குவானேன்? அவருக்குத் துறையில் வேறு யாருடனும் பேச்சு இல்லையோ என்னவோ.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் கல்லூரியில் கொடியேற்றம். மாலையில் தூத்துக்குடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முப்பத்தெட்டு வயதில் பெண் பார்ப்பது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் கேசரி நன்றாக வந்திருந்தது.

மாப்பிள்ளை உலகநாதன், வங்கி அதிகாரி. நல்ல மனிதர், ஒரு குறை சொல்வதற்கில்லை. முக்கியமாக, பேச்சில் சிக்கனம். சம்பளம் எவ்வளவு, மாற்றல் வாங்க முடியுமா, சர்க்கரை உண்டா என்று கேட்டார். ஒவ்வொன்றும் ஒரே வரி. நானும் ஒரே வரியில் சொன்னேன். காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஊரெல்லாம் பிரசங்கம் செய்கிற சிக்கனம் இதுதானே. எனக்கு ரொம்பப் பிடித்திருக்க வேண்டும்.

பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டாள். யோசிக்க வேண்டும் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயந்தரத்துக்குள் அவர்களுக்குப் பதில் சொல்வதாக அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறாளாம்.

ஜனவரி 27, திங்கள்

தூத்துக்குடிச் செய்தி ஆசிரியர் அறைக்கு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எல்லோரும் விசாரித்தார்கள். தாணு சார் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் ஏழு வரி கேட்கிற மனிதர். பேப்பர் திருத்துவது போல் குனிந்தே இருந்தார்.

ஜனவரி 30, வியாழன்

சுருக்கிய கேள்விகளை அச்செடுத்தேன். அவருடைய ஏழு வரிக் கேள்விகளையும் ஒரு பிரதி எடுத்துக் கைப்பையில் வைத்தேன். காகிதம் மீதம் இருந்தது.

பிப்ரவரி 1, சனி

கால் வலிக்கிறது, தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் இன்று நடந்ததை முழுவதும் எழுதாமல் தூக்கம் வராது.

காலையில் எல்லாம் ஜோராகத்தான் தொடங்கியது. மேடையில் இயற்பியல் துறை செய்துகொடுத்த பலகை, அதில் இரண்டு பல்பு. சிவப்பு எரிந்தால் இடது அணி, நீலம் எரிந்தால் வலது அணி. முதல் கேள்வி: "பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு எது?" நான் "பொதிகை" என்றதுமே இரண்டு பல்பும் ஒன்றாக எரிந்தன.

பாளையங்கோட்டையில் வந்து தாமிரபரணியைக் கேட்டால் யாருக்குத்தான் தெரியாது? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. யார் முதலில் அழுத்தியது என்று சண்டை வந்தது. சிவப்பு என்றார்கள் பாதிப் பேர், நீலம் என்றார்கள் மீதிப் பேர். ஒரு கல்லூரிப் பேராசிரியர் தான் எடுத்த வீடியோவைக் காட்ட மேடையேறிவிட்டார். அதை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, கடைசியில் அந்தக் கேள்வியையே செல்லாது என்று அறிவித்து, இரண்டாவது கேள்வியை எடுத்தேன். மறுபடியும் இரண்டு பல்பு.

அதற்குப் பிறகு கேள்வியைக் கேட்பதற்கே யாரும் காத்திருக்கவில்லை. நான் மூச்சை இழுத்தாலே அழுத்தினார்கள். அழுத்திவிட்டு யோசித்தார்கள், தவறாகச் சொன்னார்கள், கேள்வி முழுசாகக் காதில் விழவில்லை என்று முறையிட்டார்கள். கேள்வி வாசிக்க ஐந்து விநாடி, பஞ்சாயத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம். பகல் ஒரு மணிக்கு மூன்று ஆட்டம்தான் முடிந்திருந்தது. ஏழு வரியில் வாசித்த போன வருடமே இந்நேரம் நான்கு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு இழுத்தது சிறப்பு விருந்தினரின் பேச்சு, பழியை நான் கேள்விகள் மேல் போட்டிருந்தேன்.

முதல்வர் வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தாணு சார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும்.

சாப்பாட்டு வரிசையில் தென்காசிப் பக்கத்து அணியின் தலைவி முப்பிடாதி என்னிடம் வந்தாள். போன வருடம் பாதியில் பஸ்ஸுக்கு ஓடிய அதே பெண். காலை ஆட்டத்தில் எப்படியோ தப்பித்து அரையிறுதிக்கு வந்திருந்தாள்.

"மேடம், நாங்க ஒரு வருஷமா படிச்சிட்டு வந்திருக்கோம். இங்க வந்து பாத்தா வெரலுக்குத்தான் வேலை இருக்கு. நாலு மணிக்கு நாங்க கெளம்பிரணும், இந்தத் தடவையும் பாதியில போவ விட்டுராதீங்க."

தட்டை வைத்துவிட்டேன். என் கணக்கில் எங்கே பிழை என்று அப்போதுதான் உறைத்தது. கேள்விகளை யாரை வைத்துச் சோதித்தேன்? அம்மாவை. ஒரே ஒரு ஆளை. அவளோடு போட்டி போட முற்றத்தில் யார் இருந்தார்கள்? ஒரு கரண்டி, ஒரு தம்ளர், சண்டைக்கு ஆளில்லை. வாசிக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டவள் சண்டை போடும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு ஆளை வைத்து முடிவு சொல்லாதே என்று முதல் வருடப் பிள்ளைகளுக்கு ஜூலை மாதமே பாடம் எடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இதைச் செய்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

ஏழு வரி எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. தெரிந்தவன் முதல் வரியில் தனியாக அழுத்துவான். கொஞ்சம் தெரிந்தவன் மூன்றாவது வரியில் அழுத்துவான். ஆளுக்கு ஒரு வரி இருப்பதால் இரண்டு பல்பு ஒன்றாக எரிய வழியில்லை. பதினோரு வருடம் வாசித்துவிட்டு இதை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

நேராகத் தாணு சாரிடம் போனேன். தப்பு என்னுடையது, இனி உங்கள் கேள்விகள்தான் என்றேன். தன்னிடம் பிரதி இல்லையே என்று பதறினார். கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தக் காகிதக் கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காகிதம் மீதம் இருந்தது என்று அவரிடமும் சொன்னேன்.

முதல்வர் ஒத்துக்கொள்ளவில்லை. நேரமில்லாத நேரத்தில் நீளமான கேள்வியா என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான், ஒரு மாதத்துக்கு முன்பு நானும் அதையேதான் கேட்டேன். நாலு மணிக்கு முடியவில்லை என்றால் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன், சாருக்கு இதில் சம்பந்தமில்லை என்றேன். பின்னாலிருந்து தாணு சார் ஏதோ தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் நேரம் போய்விடும் என்று முதல்வர் சரி என்றுவிட்டார்.

சாப்பாடு முடிந்து ஒன்றே முக்காலுக்கு உட்கார்ந்தோம். நான்கு ஆட்டம் பாக்கி. நாலாவது ஆட்டத்தில் இரண்டுமே சுமாரான அணிகள், பாதிக் கேள்விகளைக் கடைசி வரி வரை வாசிக்க வேண்டியிருந்தது. முதல்வர் நின்ற வாசல் பக்கம் நான் திரும்பவே இல்லை. ஆனால் பல்பு ஒவ்வொன்றாகத்தான் எரிந்தது. ஒரு முறையீடு இல்லை, யாரும் மேடையேறவில்லை. முடிந்தபோது அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அரையிறுதிகளில் எல்லாம் தேறிய அணிகள். மூன்றாவது வரியைத் தாண்டவே விடவில்லை. அரங்கம் அமைதியாகக் கேட்டது. காலையில் கூச்சல் போட்ட அதே பிள்ளைகள், இப்போது முதல் வரியில் யாராவது விடை சொன்னால் மூச்சை இழுத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

இறுதி ஆட்டம் தொடங்கும்போது வரவேற்புக்காரர்கள் பூக்கூடைகளோடு உள்ளே வந்துவிட்டார்கள். முப்பிடாதி அணியும் நாகர்கோவில் பையன்கள் அணியும். பையன்கள் கெட்டிக்காரர்கள், கடைசிக் கேள்விக்கு வரும்போது பத்துப் புள்ளி முன்னால் இருந்தார்கள். முதல் வரியில் விடை சொன்னால் பதினைந்து, பிறகு சொன்னால் பத்து. பூக்கட்டுகிறவர்கள்கூடக் கையில் நாரோடு நின்றுவிட்டார்கள்.

கேள்விக் கட்டின் கடைசித் தாளைத் திருப்பினேன். என்ன கேள்வி என்று பார்த்ததும் கடைசி வரிசையில் தாணு சாரைத் தேடினேன். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன்.

"லண்டன் புள்ளியியல் சங்கம் முதன்முதலாக உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட பெண் இவர்."

சிவப்பு பல்பு. அது மட்டும்தான் எரிந்தது. முப்பிடாதி எழுந்து நின்று "ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்" என்றாள். கணக்குப் படிக்கிற பெண்ணாம். அவர்கள் வகுப்பில் மிஸ் சொல்லிக் கொடுத்ததாம்.

மணி நாலாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். போன வருடமும் ஓடினார்கள், இந்த ஓட்டம் வேறு. முதல்வர் தாணு சாரின் கையைப் பிடித்து, அடுத்த வருடம் பத்துக் கல்லூரிகளைக் கூப்பிடலாமே என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. மீதி ஆறு வரியை யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும்போலவும் இருந்தது.

இனி எழுதப்போவது வினாடி வினாவைப் பற்றியதல்ல.

பஸ் நிறுத்தத்தில் தாணு சாரும் வந்து நின்றார். அவருக்கு எதிர்த் திசையில் போகிற பஸ்தான் வேண்டும். இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது என்றார். கையில் தாள் இல்லை, மனப்பாடமாக வைத்திருந்தார்.

"இந்த ஆளு பொறந்தது சுசீந்திரத்துல. அப்பா தவறும்போது வயசு பத்தொம்பது" என்று தொடங்கினார்.

முதல் வரியிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. கேள்வி எங்கே போய் முடியும் என்பதும் தெரிந்துவிட்டது. அழுத்தியிருந்தால் பதினைந்து புள்ளி. என் பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் அடித்தார். நான் ஏறவில்லை.

இரண்டு தங்கைகளைப் படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது, அதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டது, சமையல் சுமார்தான், வாடகை வீடு, மாதாமாதம் புத்தகத்துக்குப் பணம் போய்விடும் என்று வரி வரியாக இறங்கி வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இவரு எழுதுன கேள்விய ஒருத்தங்க வாசிச்சுக் கேக்கணும்ங்கதுக்காவத்தான் இவரு நீளமா எழுதுனாரு. ரெண்டு வரியில எழுதுனா அவங்க கொரலு சீக்கிரம் நின்னு போயிருமே. அவங்க தூத்துக்குடிக்கு என்ன சொல்லுதாங்கன்னு கேக்க இவருக்கு உரிமை இல்ல. ஆனா, இந்த ஆளக் கட்டிக்கிட அவங்களுக்குச் சம்மதமா?"

சம்மதம் என்று சொன்னேன். ஒரே சொல்தான், எனக்கு நீட்டத் தெரியாது. அவர் கேட்டதில் ஒரு வரியைக்கூட வெட்டியிருக்கக் கூடாது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சாயந்தரம் தூத்துக்குடிக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையிலேயே அம்மாவிடம் பேசிவிடுவது என்று அடுக்களைக்குப் போனேன். அம்மா தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றாள். எடுத்த எடுப்பில் சொன்னால் அதிர்ச்சியாகிவிடும், பக்குவமாகக் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்க வேண்டும் என்று நினைத்தேன்.

"அம்மா, பதினோரு வருஷத்துக்கு முன்னால நான் இந்தக் காலேஜ்ல சேரும்போது..."

அம்மா திரும்பவே இல்லை. கையிலிருந்த கரண்டியால் பக்கத்திலிருந்த தம்ளரில் டங் என்று ஒரு தட்டுத் தட்டினாள்.

"தாணு வாத்தியாரு. அதுக்கு ஏம்ட்டி இம்புட்டு தூரத்துல இருந்து வார? போனப் போட்டு, அவருக்குத் தோசை எத்தன வேணும்னு கேட்டுட்டு, வரச்சொல்லு."